கொஞ்சம் சத்தமாக வாசி, தம்பி

2016 ஆம் ஆண்டு அப்பா ஈரல் நோயில் படுத்திருந்தபோது, டவுனில் நடந்த சுகமளிக்கும் கூட்டமொன்றுக்கு அவரைக் கொண்டுபோனோம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்தான் லயம்; அதில் ஒவ்வொரு வீட்டையும் காம்பரா என்போம். எங்கள் லயம்வரை ஆட்டோ வராது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் நான்கு பேர் சுமந்தோம். முன்னால் நானும் அண்ணனும். பின்னால் பக்கத்துக் காம்பரா மாமாவும் அவருடைய மகனும். அவர்கள் இருவரும் இந்துக்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஊழியக்காரர் அப்பாவின் தலையில் கைவைத்து நீண்ட நேரம் ஜெபித்தார். மூன்று வாரத்தில் அப்பா இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் அந்த ஊழியக்காரரைக் கடைவீதியில் கண்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "உங்கள் வீட்டில் விசுவாசம் போதவில்லை, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நிறுவை என்றால் என்னவென்று தெரியும். காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு வந்து தராசில் மாட்டும்போது, சொன்ன கிலோ வரவில்லையென்றால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். மழை பெய்ததா, காய்ச்சலோடு வந்தாளா என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது. என் அம்மா அப்படி எத்தனையோ நாள் அரைப்பேரோடு வீடு திரும்பியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடவுளும் ஒரு தராசோடு நிற்கிறார், எங்கள் வீட்டுக் கூடை குறைந்ததால்தான் அப்பா போனார் என்ற எண்ணம் அன்றைக்கு எனக்குள் புகுந்தது. நான்கு வருடம் அது வெளியே போகவில்லை.

விசுவாசத்தில் பலப்படுவது எப்படி என்று இப்போது எங்கள் சபை வாலிபர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் போதகன் அல்ல; ஆட்டோ ஓட்டுகிறவன். எனக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

எங்கள் குடும்பம் பல தலைமுறையாக வேதக்காரர். 1850களில், மலை முழுவதும் கோப்பியாக இருந்த காலத்தில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உபதேசியார்கள் கண்டிச் சீமைக்கு வந்து லயம் லயமாக வேதம் சொன்னார்கள். அந்த வழியில் வந்த அங்கிலிக்கன் சபை எங்களுடையது. பிறகு கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. துரைமார் போனார்கள், 1948 இல் எங்கள் குடியுரிமை போனது, 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதி உறவினர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். சபை மட்டும் நின்றது. டிக்கோயாவில் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிற, 1878 இல் கட்டிய வார்லி ஆலயத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். எங்கள் தோட்டத்து ஆலயம் அப்படி அழகானதல்ல. தகரக் கூரை, பதினெட்டுக் குடும்பம், மாதத்துக்கு ஒருமுறை வருகிற குருவானவர். அவ்வளவுதான்.

அப்பா போன வருடமே நான் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை அறையில் படுத்திருப்பேன். ஜெபிக்க வாய் வராது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் என் அறையிலிருந்து நடந்துபோகிற தூரம். அங்கும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் அன்று காலை நடந்த குண்டுவெடிப்புகளை நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது ஜூன் மாதத்தில் கண்டதை. கொச்சிக்கடை ஆலயம் மறுபடி திறந்தபோது வீதியின் மறுபக்கத்தில் நின்று பார்த்தேன். பைகளைச் சோதித்து ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். கறுப்புச் சேலை கட்டிய ஒரு தாய், கையில் ஒரு பிள்ளையின் படத்தோடு, அந்த வரிசையில் பொறுமையாக நின்றார். இவருடைய கூடை எத்தனை கிலோ என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. அவருக்கு விசுவாசம் குறைவாக இருந்ததாலா பிள்ளை போனது? அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? என் அப்பாவைப் பற்றி மட்டும் அதை ஏன் நான் ஏற்றுக்கொண்டேன்? பதில் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் தராசு முதல்முறையாக ஆடியது.

அடுத்த வருடம் மார்ச்சில் ஊரடங்கு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் கடையை மூடினார்கள். கிடைத்த பஸ்ஸில் ஹட்டன் வந்து, அங்கிருந்து தோட்டத்துக்கு வந்துசேர்ந்தேன்.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் எண்பது வயது தாண்டிய ஒருவர் தனியாக இருந்தார். லயம் முழுவதும் அவரை அம்மாயி என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர். பன்னிரண்டு வயதில் கூடை ஏறிய தலை. வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அலுமாரியில் ஒரு வேதாகமம் இருந்தது. அவருடைய கணவர் இருந்தவரை மாலையில் வாசித்துக் காட்டுவாராம். அவர் போய்ப் பதினொரு வருடம். அத்தனை வருடமும் அந்தப் புத்தகத்தை மாதத்துக்கொருமுறை எடுத்து, துடைத்து, வெயிலில் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பாராம்.

ஊரடங்கின் முதல் வாரத்தில் அம்மா கொடுத்துவிட்ட தேங்காயோடு போனேன். "சும்மாதானே இருக்கிறாய் தம்பி, வந்து எனக்கு வாசித்துக் காட்டுகிறாயா?" என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அம்மாயி, எனக்கு இப்போது இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்றேன்.

"உன்னை நம்பவா சொன்னேன்? வாசிக்கத்தானே சொன்னேன். நம்புவதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் மாலை ஆறு மணிக்குப் போனேன்.

மாற்கு சுவிசேஷத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். நான்கிலும் அதுதான் சிறியது, 16 அதிகாரம், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று மாதம் பிடித்தது. "கொஞ்சம் சத்தமாக வாசி, தம்பி" என்பார். அடுப்பு மூட்டிக்கொண்டே கேட்பார். திடீரென்று "நில்" என்பார். நான் நிற்பேன். அவர் அந்த இடத்தை நினைத்துக்கொண்டே ஒரு விறகைத் தள்ளிவைப்பார். பிறகு "ம்" என்றால்தான் அடுத்த வசனம்.

சத்தமாக வாசிப்பதில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மௌனமாக வாசிக்கிறபோது பிடிக்காத வசனத்தைக் கண் தாண்டிவிடும். வாய்க்கு அந்தத் தந்திரம் தெரியாது; எல்லாச் சொல்லையும் அது சொல்லியே ஆகவேண்டும். ஆதிச் சபையும் இப்படித்தான் வேதத்தைக் கேட்டது. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தைத் தங்களிடம் வாசித்தபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யும்படி பவுல் கேட்டுக்கொள்கிறார். ஒருவர் வாசிக்க, ஐம்பது பேர் கேட்டிருப்பார்கள். தனி அறையில் தனிப் புத்தகத்தோடு உட்காருவது நல்லதுதான். ஆனால் அது மட்டும்தான் வேத வாசிப்பு என்று நினைத்துக்கொண்டு, அது ஓடவில்லையென்றதும் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். வாசிக்கத் தெரியாத ஒருவரோ கண் மங்கிய ஒருவரோ உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டாயம் இருப்பார். அவரைத் தேடிப் போங்கள்.

நான்காம் நாள் மாற்கு இரண்டாம் அதிகாரம் வந்தது. திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். நாலு பேர் என்ற இடத்தில் என் குரல் அடைத்தது. மூன்றாம் வசனத்திலிருந்து ஐந்தாம் வசனத்துக்குப் போக எனக்கு நெடுநேரம் ஆனது. அம்மாயி அடுப்பைவிட்டு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். ஐந்தாம் வசனத்தில் இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அந்த நோயாளியிடம் பேசுகிறார் என்று இருக்கிறது. அவர்கள் விசுவாசத்தை. படுத்திருந்தவன் நம்பினானா இல்லையா என்று ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. சுமந்தவர்களுடையதைப் பார்த்தார்.

"நம்புவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அம்மாயி சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் என்னைச் சுமந்துகொண்டிருந்தார்.

என் அனுபவத்தில் இதைவிட முக்கியமான ஒன்று இல்லை. விசுவாசம் குறைந்துவிட்டதென்று உணர்கிறவர்கள் முதலில் செய்வது ஆட்களைவிட்டு ஒதுங்குவது. பலப்பட்ட பிறகு சபைக்குப் போகலாம் என்று காத்திருப்பார்கள். அது காய்ச்சல் விட்ட பிறகு மருந்து எடுக்கலாம் என்பதைப் போன்றது. இல்லாத நாளில் இல்லையென்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். உங்களைத் திருத்த அவசரப்படுகிறவரிடம் போகாதீர்கள். தானும் எதையாவது இழந்து, அதோடு வாழ்கிறவராகப் பாருங்கள். அம்மாயி மூன்று பிள்ளைகளில் இருவரை அடக்கம் செய்தவர்.

மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. ஒரு இரவு மழை நிற்கவே இல்லை. 2014 ஒக்டோபர் 29 க்குப் பிறகு மலையகத்தில் யாரும் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியதில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன நாள் அது. எங்கள் லயத்துக்குப் பின்னாலும் செங்குத்தான மண்மேடு. அன்று மாலை நாங்கள் வாசித்தது நான்காம் அதிகாரம், புயலில் அகப்பட்ட படகு. இயேசு பின்னணியத்தில் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார் என்று வாசித்ததும் அம்மாயி "நில்" என்றார். "தலையணை வைத்தா படுத்தார்?" "ஆமாம் அம்மாயி." "அப்படியென்றால் பாவம், நன்றாகக் களைத்துப்போயிருப்பார்."

எத்தனையோ பிரசங்கங்களில் அந்தப் பகுதியைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தலையணையை யாரும் எனக்குக் காட்டியதில்லை. நாள் முழுவதும் வேலை செய்து இடுப்பு விட்டுப்போன ஒரு பெண்தான் அதைக் காண முடியும். அதற்கடுத்த வரியில் சீஷர்கள் அவரை எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கேட்கிறார்கள். அன்றிரவு நான் நான்கு வருடத்துக்குப் பிறகு ஜெபித்தேன். அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். அதைத் தவிர வேறொன்றும் சொல்ல எனக்கு வரவில்லை. கோபமாகவே கேட்டேன். அதற்கும் ஜெபம் என்றுதான் பெயர் என்று இப்போது தெரிகிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று பதின்மூன்றாம் சங்கீதம் தொடங்குகிறது. 88 ஆம் சங்கீதம் விடியாமல், இருளிலேயே முடிகிறது. துதிக்க முடியாத நாளில் துதிப்பதுபோல் நடிக்க வேண்டாம் என்றுதான் இவற்றையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஞாயிறு ஆராதனைகளில் நாம் இவற்றை வாசிப்பதே அபூர்வம். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒன்பதாம் அதிகாரத்தில், சுகமாக்கும்படி இயேசுவிடம் கொண்டுவந்த ஒரு பிள்ளையின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். அன்றைக்கு நான் ஊழியக்காரர் சொன்னதை அம்மாயியிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லாததை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இந்தத் தகப்பனுக்கு அரைப்பேர்தானே இருந்தது, தம்பி? பிள்ளை பாதியாகவா சுகமானான்?"

நான் விடவில்லை. "ஆறாம் அதிகாரத்தில் நாசரேத்து ஊரில் அவிசுவாசத்தினால், சில நோயாளிகளைக் குணமாக்கியதைத் தவிர அவர் வேறு அற்புதம் ஒன்றும் செய்யவில்லையென்று இருக்கிறதே?" என்றேன். "அவர்கள் யார்? 'இவன் தச்சன்தானே' என்று ஏளனம் பேசியவர்கள். நீ உன் அப்பாவை மழையில் தூக்கிக்கொண்டு போனவன். இரண்டும் ஒன்றா?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உன் அப்பாவை ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளைகளை ஏன் எடுத்தார் என்றும் தெரியாது. போய்க் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மனிதர் சொன்னது சரியில்லை."

வாசிக்கத் தெரியாதவர், கேட்டே இந்த அளவுக்கு வேதத்தை அறிந்திருந்தார்.

பதினோராம் அதிகாரம் வந்தபோது நான் எதிர்பாராத இடத்தில் அடிபட்டேன். நின்று ஜெபிக்கும்போது ஒருவன்மேல் குறையிருந்தால் மன்னியுங்கள் என்ற வசனத்தை வாசித்து நிறுத்தியதும் அம்மாயி, "உன் அண்ணன் இப்போது எங்கே இருக்கிறான்?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்பாவின் சேமலாப நிதிப் பணத்தை அண்ணன்தான் எடுத்தான். என்ன செய்தான் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, நான்கு வருடம் பேச்சில்லை. அப்பாவை முன்னால் சுமந்த இருவரும் இப்படிப் பிரிந்திருந்தோம்.

ஊரடங்கு தளர்ந்ததும் தலவாக்கலைக்குப் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது. அண்ணன் வாசலில் நின்று "என்ன?" என்றான். அண்ணி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். பணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் சொல்ல வந்ததையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. "உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, விட்டுவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் பஸ் நிற்கிற இடம்வரை என்னோடு நடந்து வந்தான். அந்த வருடம் நத்தாருக்குக் குடும்பத்தோடு தோட்டத்துக்கு வந்தான். பழையபடி ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் நெஞ்சில் அடைக்கும் அந்தக் கல் இல்லை. பலருடைய விசுவாசம் வளராமல் நிற்பதற்குக் காரணம் சந்தேகம் அல்ல, பேசாமல் இருக்கிற ஒரு உறவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆறு மாதம் உபவாசம் இருந்தாலும், அந்த ஒரு பஸ் பயணத்துக்கு அது ஈடாகாது.

மாற்கு முடிந்தது. சங்கீதங்களுக்குப் போனோம், பிறகு பிலிப்பியர், பிறகு லூக்கா. ஊரடங்கு போனது, நான் கொழும்புக்குத் திரும்பவில்லை. பழைய ஆட்டோ ஒன்றைத் தவணைக்கு எடுத்தேன். எத்தனை ஓட்டம் இருந்தாலும் ஆறு மணிக்கு லயத்தில் இருந்துவிடுவேன். கால் மணி நேரம்தான். மனம் வந்தால் போவது என்று வைத்திருந்தால் பத்து நாளில் நின்றிருக்கும். மனம் வராத நாட்கள்தான் அதிகம். காத்திருக்கிற ஒருவர் இருந்ததால் கால் போனது, காலுக்குப் பின்னால் மனம் போனது.

அம்மாயி ஜெபிக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். கொழுந்தெடுக்கிறவர்கள் நிரை பிடித்துப் போவதுபோல, எங்கள் லயத்தின் முதல் காம்பராவிலிருந்து கடைசிவரை வரிசையாகப் போவார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரியம். முதல் காம்பராவில் வெளிநாடு போன மகள். மூன்றாவதில் குடிக்கிற மனிதன். ஐந்தாவதில் பரீட்சை எழுதுகிற பிள்ளை. வேதக்கார வீடு, மாரியம்மன் கும்பிடுகிற வீடு என்ற வித்தியாசம் கிடையாது. ஒரு செடியை விட்டால் மறுநாள் அது முற்றிவிடும் என்பார். எதைச் சொல்லி ஜெபிப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு நான் கொடுக்கிற ஒரே யோசனை இதுதான். உங்கள் வீதியை, உங்கள் அலுவலக மேசைகளை, உங்கள் வகுப்பின் வாங்குகளை வரிசையாக எடுங்கள். மனம் அலைந்தாலும் வரிசை கூட்டிக்கொண்டு வந்துவிடும். 2022 பொருளாதார நெருக்கடியில் பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசையில் கிடந்தபோது நான் முன்னால் நின்ற ஆட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜெபித்தேன். அவர்களில் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அந்த இரண்டு நாளில் நான் யாரோடும் சண்டை போடவில்லை. சுற்றிலும் சண்டை நடந்துகொண்டேதான் இருந்தது.

அந்த வருடம் மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. மண்ணெண்ணெயும் இல்லை. ஆறு மணிக்குப் போனால் சிறிது நேரத்தில் எழுத்துத் தெரியாமல் இருண்டுவிடும். அப்போது எங்களுக்கு உதவியது மனப்பாடம். 121 ஆம் சங்கீதத்தை அவர் சொல்ல நான் சேர்ந்து சொல்வேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே, "இந்தப் பர்வதத்திலிருந்து மண்தான் தம்பி வரும்" என்றார். பிறகு இரண்டாம் வசனத்தைச் சொன்னார்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும். "மலையைப் பார்க்கிறேன். மலையை உண்டாக்கியவரைக் கூப்பிடுகிறேன்." கைத்தொலைபேசியில் முழு வேதாகமமும் இருக்கிறது, ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தொலைபேசி அணைந்த இரவுகளைப் பார்த்தவன் நான். பத்து சங்கீதம் போதும். ஆனால் அவை நெஞ்சில் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் பதினெட்டுக் குடும்பங்களும் பிடியரிசி எடுப்பதை நிறுத்தவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பேணியில் போடுவது எங்கள் பாட்டிமார் காலத்துப் பழக்கம். அரிசி விலை ஏறி நாங்களே ரொட்டிக்கு மாறியிருந்த மாதங்களில் அந்தப் பிடி சின்னதானது. ஆனாலும் ஞாயிறு சேர்ந்த அரிசி கீழ் லயத்தில் பிள்ளை பெற்றிருந்த ஒரு வீட்டுக்குப் போனது. அவர்கள் நம் சபை அல்ல. இருக்கிறபோது கொடுப்பதைவிட இல்லாதபோது கொடுத்த அந்தப் பிடி என்னை அதிகம் பலப்படுத்தியது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

குருவானவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார் என்பது எங்களுக்குப் பெரிய குறையாக இருந்தது. மற்ற ஞாயிறுகளில் பாதிப்பேர் வரமாட்டார்கள். புனித யோசேப் வாஸ் அடிகளாரைப் பற்றிக் கத்தோலிக்க நண்பர் ஒருவர் சொன்னபோது என் எண்ணம் மாறியது. ஒல்லாந்தர் கோட்டைகளைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திய பிறகு, 1687 இல் அவர் மாறுவேடத்தில் வந்திறங்கும்வரை, ஏறக்குறைய முப்பது வருடம் அந்த மக்களுக்குக் குருவானவரே இல்லை. வீடுகளில் ஜெபித்துத்தான் விசுவாசத்தைக் காத்தார்கள். 1692 இல் அவர் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். 1697 இல் அதே கண்டியில் அம்மை நோய் பரவியபோது, எல்லோரும் கைவிட்ட நோயாளிகளைத் தொட்டுக் கழுவியவர் அவர். நாங்கள் முப்பது நாள் பொறுக்க முடியாமல் முணுமுணுக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. மணியடிக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு கூட்டுகிற வேலை. பிறகு வேதபாடம் வாசிக்கிற வேலை. வாலிபர்களுக்குச் சொல்கிறேன்: ஆராதனை உங்களைத் தொடவில்லையென்றால், முதலில் விளக்குமாற்றைக் கையில் எடுங்கள். நாம் கூட்டிய இடத்தில் நாம் சும்மா பார்வையாளராக உட்கார முடியாது.

சந்தேகம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அப்பாவின் நினைவு நாளில் இன்னும் வருகிறது. முன்பு வந்தால் ஓடுவேன். இப்போது வந்தால் அதையும் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்கு வாசிக்கப் போகிறேன்.

2023 இல் மாற்குவை இரண்டாம் முறை தொடங்கினோம். அம்மாயிதான் கேட்டார். நிறுத்துகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்வார். ஜூலை மழையில் இருமல் கூடியது. ஐந்தாம் அதிகாரம், யவீருவின் மகள் மரணத் தறுவாயில் கிடக்கிறாள், இயேசு போகிற வழியில் தாமதமாகிறது, அதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்து "உம்முடைய குமாரத்தி மரித்துப்போனாள்" என்கிறார்கள். அந்த இடத்தில் இருமல் நிற்கவில்லை. "போதும் தம்பி, நாளைக்கு" என்றார். கோடு போட்டேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு என் ஆட்டோவில்தான் கொண்டுபோனேன். நான்காம் நாள் போய்விட்டார்.

அப்பாவைச் சுமந்த அதே பாதையில் அவரைச் சுமந்தோம். அண்ணன் தலவாக்கலையிலிருந்து வந்து முன்பக்கம் பிடித்தான். பின்னால் பழையபடி பக்கத்துக் காம்பரா மாமாவின் மகன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், ஆறு மணியாகிறபோது கால் பழக்கத்தில் அங்கே போய்விட்டது. கதவு பூட்டியிருந்தது. புத்தகத்தை அம்மாயி எனக்கென்று சொல்லி வைத்திருந்ததால் அது என் கையில் இருந்தது. காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். பக்கத்துக் காம்பராவுக்குச் சில மாதங்களுக்கு முன் மருமகளாக வந்த பெண் வெளியே வந்தாள். நெற்றியில் திருநீறு. என்னோடு அதுவரை பேசியதில்லை.

"அண்ணா, அந்தப் பிள்ளை செத்துப்போனதாக யாரோ வந்து சொன்னார்கள். அதோடு நிறுத்திவிட்டீர்கள். பிறகு என்ன ஆயிற்று?"

எனக்கு முதலில் புரியவில்லை. லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. இத்தனை நாளும் அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்சம் சத்தமாக வாசி, தம்பி என்று அம்மாயி ஏன் ஒவ்வொரு நாளும் சொன்னார் என்று நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பென்சில் கோட்டிலிருந்து வாசித்தேன். "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு." அவர் வீட்டுக்குப் போகிறார், அழுகிறவர்களை வெளியே அனுப்புகிறார், பிள்ளையின் கையைப் பிடிக்கிறார். அவள் எழுந்து நடக்கிறாள். அவளுக்கு வயது பன்னிரண்டு. அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி சொன்னார் என்பதோடு அதிகாரம் முடிகிறது.

"சாப்பிடக் கொடுக்கச் சொன்னாரா?" என்றாள்.

"ஆமாம்."

"பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பசித்திருக்கும்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டு, அதில் சுடச்சுட ரொட்டியும் சம்பலும். "நீங்களும் மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அண்ணா" என்று இஸ்தோப்பில் வைத்தாள்.